பர்மாத் தேக்கு



நம் ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் தலைவாசல் நிலை வைப்பதற்கென்று ஒரு நாள் பார்ப்பது வழக்கம். மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அந்த நிலையை நிறுத்துவார்கள். அதற்குரிய மரத்தை வாங்க மரவாடிக்குச் செல்பவர், கையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "பர்மாத் தேக்கு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மற்ற மரங்களைப் பார்ப்பார். பர்மா என்ற நாட்டின் ஆங்கிலப் பெயர் 1989-ஆம் ஆண்டில் மியன்மார் என்று மாற்றப்பட்டுவிட்டது. மரவாடியில் மட்டும் அந்தப் பெயர் மாறவே இல்லை.

ஒரு நாட்டின் பெயர் மற்றொரு நாட்டில் ஒரு மரத்தின் தரத்திற்குப் பெயராக நிலைத்துவிட்டது எவ்வாறு? பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு மரம் வந்த கதையைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்க எண்ணுகிறேன். வர்த்தகப் புள்ளிவிவரம் என்றாலே கொட்டாவி வரும் என்பதை நான் அறிவேன். ஆயினும் இந்தக் கணக்குக்குள் ஒரு யுத்தம் இருக்கிறது. நாடு கடத்தப்பட்ட ஓர் அரசன் இருக்கிறான். வேலை இழந்த யானைகளும் இருக்கின்றன.

முதலில் ஒரு சிறு விளக்கம். மர வாணிபத்தார் உலகத்து மரங்களையெல்லாம் வன்மரம், மென்மரம் என்று இரண்டாகப் பிரிக்கின்றனர். இப்பிரிவு மரத்தின் கடினத்தைக் கொண்டு செய்யப்பட்டதன்று. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். இந்தக் கணக்கின்படி பார்த்தால் நம் கொல்லையில் காற்றுக்கு முறிந்து விழும் முருங்கையும் வன்மரமே! தேக்கு பெயருக்கும் வன்மரம், பயனுக்கும் அப்படியே.

தேக்கு என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குவது. மலையாளக் கரையில் அதைக் கேட்ட போர்த்துக்கீசியர் 'தேக்கா' என்று எழுதிக்கொண்டனர். அதிலிருந்தே ஆங்கிலேயரின் 'டீக்' பிறந்தது. இயற்கையாகத் தேக்கு வளரும் நாடுகள் உலகில் நான்கே: இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2010-ஆம் ஆண்டையொட்டி எடுத்த கணக்கின்படி, இந்நான்கு நாடுகளிலும் சேர்ந்து இயற்கைத் தேக்குக் காடு ஏறத்தாழ 2.9 கோடி ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி பர்மாவில் மட்டும் இருந்தது.

தேக்கின் பெருமை அதன் எண்ணெயில் இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியில் ஊறியிருக்கும் இயற்கைப் பொருள்கள் கறையானை அண்டவிடாமலும் ஈரத்தை ஏறவிடாமலும் காக்கின்றன. இரும்பு ஆணியை ஓக் மரத்தில் அடித்தால் அம்மரத்தின் அமிலமே ஆணியை அரித்துவிடும். தேக்கில் அடித்த ஆணி நீடித்திருக்கும். கப்பல் கட்டுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்று இறக்குமதி செய்யும் இந்தியா ஒரு காலத்தில் தேக்கை ஏற்றுமதி செய்த நாடு. எகிப்தில் செங்கடற் கரையிலே பெரனிகே என்ற பழந்துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், ரோமானியர் காலத்துக் கட்டடங்களில் இந்தியத் தேக்குக் கட்டைகள் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டனர். உடைந்துபோன கப்பல்களின் மரத்தை எடுத்து வீட்டிற்குப் பயன்படுத்தியிருக்கின்றனர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், மேலைக் கடற்கரைத் தேக்கைக் கொண்டு பம்பாயில் வாடியா குடும்பத்தார் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போர்க் கப்பல்கள் கட்டித் தந்தனர். 1817-ஆம் ஆண்டு பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட 'திரிகோணமலை' என்னும் கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு ஆண்டு கடந்த மலபார்த் தேக்கு அது.

கப்பல்கள் மிதந்தன, காடு மூழ்கிவிட்டது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலபாரில் எளிதில் எட்டக்கூடிய பெருமரங்கள் தீர்ந்து போயின. இந்தக் கவலையில்தான் மலபார்க் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்ற அலுவலரின் துணையோடு 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால், நட்ட கன்று பயன் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை பொறுத்திருக்கக் கப்பல் துறைகள் தயாராக இல்லை.

வங்காள விரிகுடாவுக்கு அப்பால் பார்வை திரும்பியது. முதலாம் ஆங்கில-பர்மியப் போர் 1826-இல் முடிந்தபோது தெனாசரிம் கரை ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கே மோல்மீன் துறைமுகம் விரைவிலேயே மரத்திற்குப் பேர்பெற்றது. அந்தக் காட்டிலும் மலபாரில் நடந்ததே நடந்தது. யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று விட்டதனால், சில பத்தாண்டுகளுக்குள் நல்ல மரங்கள் அருகிவிட்டன. 1852-இல் நடந்த இரண்டாம் போரில் பெகு மாகாணம் கைக்கு வந்தது. இம்முறை கொஞ்சம் புத்தி வந்தது என்றே சொல்ல வேண்டும். 1856-இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் பெகு காடுகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது, எவ்வளவு சுற்றளவுள்ள மரம் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை மரம் அந்தப் பருமனை எட்டுகிறது என்று அவர் கணக்கெடுத்தார். எட்டுகிற அளவுக்கே வெட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அந்நெறி பின்னர்த் திருத்தம் பெற்றது. ஈரக் காடுகளில் மார்பு உயரத்தில் ஏழரை அடிச் சுற்றளவு எட்டிய மரத்தையே வெட்டலாம். ஒரு பகுதியில் ஒருமுறை வெட்டினால் முப்பது ஆண்டு கழித்தே மீண்டும் அங்கே வர வேண்டும் என்று ஏற்பட்டது. தாளில் இதைவிடச் சிறந்த விதி கிடையாது என்பது என் எண்ணம். பிற்காலத்தில் வந்த கேடெல்லாம் விதி இல்லாமல் வந்ததன்று என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் போரின் காரணம் மரம் என்றால் நம்புவீர்களா? வடபர்மாவை ஆண்ட தீபா மன்னரின் காடுகளில் மரம் எடுக்கும் உரிமை பெற்றிருந்தது பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம். வெட்டிய மரத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிற்று என்று கூறி, 1885-இல் அரசரின் மன்றம் அக்கழகத்திற்கு ஏறத்தாழ 23 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரரோடு மன்னர் உறவாடுகிறார் என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. அபராதம் நல்லதொரு சாக்காயிற்று. நவம்பர் மாதம் படை சென்றது. மாதம் முடிவதற்குள் மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி முதல் நாள் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் உடைமை என அறிவிக்கப்பட்டது. தீபா மன்னரை முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். சில மாதங்கள் இங்கே வைத்திருந்து, பின்னர் மேலைக் கரையில் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே அவர் 1916-இல் காலமானார். மரக்கட்டைகளை எண்ணுவதில் எழுந்த ஒரு தகராறு ஓர் அரச பரம்பரையை முடித்துவைத்தது.

இனி, காட்டில் நின்ற மரம் நம் துறைமுகத்திற்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். இது சற்று நுணுக்கமாக அறிய வேண்டிய பகுதி. இதை அறியாமல் புள்ளிவிவரத்தைப் படித்தால் தவறான முடிவுக்கே வருவோம்.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. பர்மாவின் மலைக்காட்டிலோ ஆற்றைத் தவிர வேறு பாதை இல்லை. ஆகவே வெட்டப்போகும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளுத்த வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். சாறு ஏற வழியின்றி மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே நின்று வெயிலிலும் காற்றிலும் உலரும். அதன் பிறகே கோடரி. விழுந்த மரத்தைத் துண்டாக்கி, சங்கிலி பூட்டி, யானை சிற்றோடைக்கு இழுத்து வரும். வாய்க்கால் போலிருக்கும் அந்த ஓடையில் கோடையில் தண்ணீர் இராது. மழைக்காலத்தில் வெள்ளம் இரண்டொரு முறை பொங்கும். அப்போது அடிமரங்கள் உருண்டு புரண்டு பெரிய ஆற்றை நோக்கி ஓடும். வழியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடைத்துக்கொண்டால், யானைதான் நீரில் இறங்கி முட்டித் தள்ளி விடுவிக்க வேண்டும். பேராற்றை அடைந்த பிறகு கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, அதன் மேல் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தெப்பக்காரர்கள் ஐராவதி வழியே வாரக்கணக்கில் மிதந்து ரங்கூன் வருவார்கள்.

செதுக்கிய நாளிலிருந்து ரங்கூன் வாள்பட்டறை சேர ஐந்தாறு ஆண்டுகள் ஆவது சாதாரணம். மழை பொய்த்தால் ஓடையிலேயே மரம் கிடக்கும். இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் கூடும். ஆகையால், ஓராண்டில் சென்னையில் இறங்கிய தேக்கின் அளவைப் பார்த்து 'இவ்வாண்டு பர்மாவில் இவ்வளவு வெட்டினார்கள்' என்று எழுதினால் பிழையாகும். அந்த அளவில் பழைய ஆண்டொன்றில் ஒரு காட்டு அதிகாரி எடுத்த முடிவும், இடையில் பெய்த மழையும், இன்றைய விலையும் கலந்திருக்கின்றன.

ஒவ்வொரு கட்டையின் வெட்டுமுகத்திலும் உரிமையாளரின் முத்திரையை இரும்புச் சுத்தியலால் அடித்துப் பொறிப்பார்கள். தீர்வை செலுத்தியதற்கு வேறு முத்திரை. எந்தக் காடு, யாருடைய மரம், வரி கட்டியதா என்பதெல்லாம் அந்த முகத்திலேயே படிக்கலாம். மரத்தை அறுக்கும் பட்டறையில் முதலில் வெட்டி எறிவதும் அந்த முகத்தைத்தான்!

கப்பலேறிய தேக்கின் பெரும்பங்கு இந்தியாவுக்கே வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் இறங்கிற்று. ரயில் பெட்டிகளுக்குத் தேக்கு. தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கு, நாம் இருள் மரம் என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த பியின்காடோ. செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான தூண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய காலம் அது. 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கடனுக்கு ஈடாக, அவர்கள் கைக்கு வந்திருந்தது. பர்மிய விவசாயிக்கு அது தீராத மனக்கசப்பாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரில் எழுந்த மாளிகையின் தூணுக்கு அங்கே இரண்டு விலை கொடுக்கப்பட்டது: ஒன்று காடு, மற்றொன்று நிலம்.

இத்தனையும் நடந்த காலத்தில் ஏட்டளவில் இது இறக்குமதியே அன்று. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்த மரம், கடலோர வாணிபம் என்ற தலைப்பில் எழுதப்பட்டது. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அன்று முதல் அதே மரம், அதே கப்பல், அதே துறை. ஆனால் ஏட்டில் அயல்நாட்டுச் சரக்கு. இந்திய வன்மர இறக்குமதியின் வளர்ச்சியைக் கோடு போட்டுக் காட்ட விரும்பும் மாணவர் அந்த ஆண்டில் கோடு திடீரென்று எழும்புவதைக் கண்டு வியப்படைய வேண்டாம். ஏறியது மரமன்று, எல்லைக்கோடு.

அடுத்து வந்த ஆண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர், வாணிபம் நின்றது. 1948 ஜனவரி 4-ஆம் நாள் பர்மா சுதந்திரம் பெற்றது. காட்டு மரத் தொழில் அரசு மர வாரியத்திடம் வந்தது. 1962-இல் படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் வாணிபம் முழுவதும் தேசியமாயிற்று. பல தலைமுறை அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி வந்தனர். சென்னைத் துறைமுகத்தின் எதிரே உள்ள பர்மா பஜார் அவர்களுக்காக ஏற்பட்டது. மனிதர் வரவு பெருகிய அந்த ஆண்டுகளில் மரத்தின் வரவு சுருங்கியது.

மீண்டும் அது பெருகியதற்குக் காரணம் பர்மாவில் இல்லை, இந்தியாவில் இருந்தது. இதுதான் என் பேச்சின் முக்கியமான பகுதி.

1988-ஆம் ஆண்டு இந்திய அரசு புதிய தேசிய வனக் கொள்கையை வெளியிட்டது. காடு முதலாவதாகச் சூழலைக் காப்பதற்கு. ஆலைகளுக்குத் தீனி தருவது அதன் வேலையன்று என்று அது தெளிவாகக் கூறிற்று. அதன் பின்னர் ஒரு வழக்கு வந்தது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர், நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அவருடைய ஊர், கனோலி தேக்கு நட்ட அதே நிலம்பூர் என்பதைக் கவனியுங்கள். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை கூடலூரோடு நிற்கவில்லை. மத்திய அரசு ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி அல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்று அது தடுத்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வதும் நிறுத்தப்பட்டது. அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன.

காட்டுக்கு இது பெரும் காப்பு, அதில் ஐயமில்லை. ஆனால், வீடு கட்டுகிறவர்கள் யாரும் நிலையும் கதவும் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. தேவை அப்படியே இருந்தது. நாட்டின் வளம் பெருகப் பெருக அதுவும் பெருகியது. அயல்நாட்டு மரத்திற்குத் துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அறுத்த மரத்தைவிட உருட்டுமரத்திற்குச் சுங்கம் குறைவாக வைக்கப்பட்டது. அறுக்கும் வேலை உள்நாட்டுக்குக் கிடைக்கும் என்பது நோக்கம். குஜராத்தில் கண்ட்லா துறைமுகத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வாள்பட்டறைகள் எழுந்தன. தூத்துக்குடியிலும் கப்பல் கப்பலாக அடிமரம் இறங்கியது. ஒட்டுப்பலகையின் மேல்முகத்துக்குரிய மெல்லிய சீவல் மரத்திற்குப் பர்மாவின் கர்ஜன் மரத்தை நம் ஆலைகள் பெரிதும் நம்பியிருந்தன. பர்மாவின் மற்றோர் அண்டை நாடான தாய்லாந்தும் வெள்ளத்தால் பட்ட பிறகு 1989-இல் தன் காட்டில் வெட்டுவதை நிறுத்தியிருந்தது. அந்நாட்டு மர வியாபாரிகளும் பர்மாவுக்கே சென்றனர். சீனத்துக்கு மலை வழியாகத் தரைமார்க்கமாய் மரம் போயிற்று. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் தத்தம் காட்டைப் பூட்டிவிட்டு, பூட்டாத வீட்டுக்குள் நுழைந்தனர்.

பிராண்டிஸ் வகுத்த அளவு என்னவாயிற்று? விதி ஏட்டில் இருந்தது. பர்மாவின் இராணுவ அரசுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. ஒரு பகுதிக்கு முப்பது ஆண்டு கழித்து வரவேண்டியவர்கள் முன்கூட்டியே வந்தனர். ஏழரை அடி எட்டாத மரமும் வீழ்ந்தது. 2010 முதல் 2015 வரையிலான ஐந்தாண்டுகளில் பர்மா ஆண்டுக்குச் சராசரி 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்தது என்று உணவு, வேளாண்மை நிறுவனம் மதிப்பிட்டது. அக்காலத்தில் பிரேசில், இந்தோனேசியா இரண்டுக்கும் அடுத்து உலகிலேயே மூன்றாவது பெரிய இழப்பு அது. உழவுக்கும் தோட்டங்களுக்கும் அழித்ததும் இதில் அடங்கும். எல்லாப் பழியையும் நம் தலைவாசல் நிலையின் மேல் போட்டுவிட முடியாது. ஆயினும், உருட்டுத் தேக்கை வாங்கிய நாடுகளில் முதலிடம் இந்தியாவினுடையது.

கணக்கு ஏடுகளைப் படிக்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரே மரம் இரண்டு ஏடுகளில் பதிவாகிறது. அனுப்பிய நாட்டின் ஏற்றுமதி ஏட்டில் ஒருமுறை, பெற்ற நாட்டின் இறக்குமதி ஏட்டில் மற்றொரு முறை. இரண்டும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். பர்மாவின் மரக்கணக்கையும் அதை வாங்கிய நாடுகளின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வாங்கியதாக எழுதியது அனுப்பியதாக எழுதியதைவிட வெகு அதிகமாக இருப்பதைக் கண்டனர். நடுக்கடலில் மரம் முளைப்பதில்லை. வெளிநாட்டுச் சுங்க அதிகாரியின் ஏட்டில் ஏறிய மரம் ரங்கூன் ஏட்டில் ஏறவில்லை என்பதே பொருள். தீபா மன்னரின் காலத்துத் தகராறு வேறொரு வடிவில் திரும்பி வந்திருந்தது.

2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியைப் பர்மா தடை செய்தது. செய்தி முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தபடியால், தடைக்கு முந்தைய மாதங்களில் வாங்கிக் குவித்தார்கள். வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு கோபுரம் போல் உயர்ந்து, அடுத்த ஆண்டு கிணறு போல் வீழ்கிறது. அந்த வீழ்ச்சியையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. உலகச் சுங்க முறையில் உருட்டுமரத்திற்கு எண் 4403. அறுத்த மரத்திற்கு 4407. மெல்லிய சீவலுக்கு 4408. முதல் எண்ணில் காணாமற் போன மரத்தில் ஒரு பகுதி மற்ற இரண்டு எண்களில் தலைகாட்டிற்று. சில இந்திய ஒட்டுப்பலகைக் கம்பெனிகள் சீவல் ஆலைகளைப் பர்மாவிலேயே நிறுவின. வேலையும் கூலியும் அந்நாட்டுக்குக் கிடைத்தன. தடையின் நோக்கத்தில் பாதி அதுவே. ஒரே எண்ணை மட்டும் பார்த்து 'வாணிபம் நின்றது' என்று எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

2016-இல் பர்மாவின் மக்களாட்சி அரசு ஓராண்டுக்கு நாடெங்கும் மரம் வெட்டுவதை நிறுத்தியது. பிராண்டிஸ் கணக்கெடுத்த பெகு மலைத்தொடருக்கு மட்டும் பத்தாண்டுத் தடை. அரசு மர நிறுவனத்தின் ஏறத்தாழ 3,000 யானைகளில் பெரும்பகுதிக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலையற்ற யானைக்கும் பசி உண்டு; பாகனுக்கும் குடும்பம் உண்டு. சில முகாம்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். காட்டைக் காக்கும் நல்ல ஆணை ஒன்று யாருடைய சோற்றில் கை வைக்கிறது என்பதை ஆணையிடும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

2021 பிப்ரவரி முதல் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அந்த ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் பர்மாவின் அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. தேக்கு விற்ற பணம் துப்பாக்கியாக மாறுகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். இந்தியா அத்தடைகளில் சேரவில்லை. வெட்டிய நாட்டின் சட்டத்தை மீறி வந்த மரத்தை வாங்குவதே குற்றம் என்னும் சட்டம் அமெரிக்காவில் 2008-இலும், அத்தகைய மரத்தைச் சந்தையில் விடக்கூடாது என்னும் விதி ஐரோப்பாவில் 2013-இலும் நடைமுறைக்கு வந்தன. அத்தகைய சட்டம் அன்று நம் நாட்டில் இல்லை. எல்லைப் பாதுகாப்பு, அண்டை நாட்டு உறவு என்று அரசுகளுக்கு ஆயிரம் கவலைகள் உண்டு. அவற்றை நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் கூடலூர்க் காட்டில் வெட்டினால் குற்றமாவது, கடல் கடந்த காட்டில் வெட்டினால் வெறும் சரக்காகிவிடுமா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை.

இப்போது மரவாடியில் என்ன கிடைக்கிறது? கானா, பெனின், தான்சானியா, பிரேசில், ஈக்வடார், கோஸ்டாரிக்கா என்று பெயர் எழுதிய கட்டைகள் கிடைக்கின்றன. இவை யாவும் தோட்டத் தேக்கு. டிரினிடாட் தீவில் 1913-இல் நட்ட தேக்கு, பர்மாவின் தெனாசரிமிலிருந்து போன விதை! இருபது இருபத்தைந்து ஆண்டில் வெட்டுவதால் வெளுத்த பகுதி மிகுதி, வைரம் குறைவு, பருமனும் சிறிது. நூறாண்டு நின்ற காட்டு மரத்தோடு இதை ஒப்பிட்டு ஆசாரிமார் முகம் சுளிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதிய ஆசாரி, சுருளாக விழும் இழைப்புச் சீவலை எடுத்து முகர்ந்துவிட்டு, "இதில் வாசனை இருக்கிறது, வயது இல்லை" என்பார். ஆயினும் நட்டு வெட்டும் மரம் மறுபடி நடக்கூடிய மரம் என்பதை அவரிடம் சொன்னேன். "சரிதான், ஆனால் அந்த வேலையை நாமே செய்திருக்கலாமே" என்றார். நிலம்பூர் நினைவுக்கு வந்ததால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

உண்மையான பழைய பர்மாத் தேக்கு வேண்டுமென்றால் இன்று காரைக்குடிப் பக்கம்தான் போக வேண்டும். பராமரிக்க ஆளின்றிப் பிரிக்கப்படும் வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் பழம்பொருட் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. ரங்கூனிலிருந்து வந்தவை வேறோர் ஊருக்கு இரண்டாம் பயணம் புறப்படக் காத்திருக்கின்றன.

உங்கள் ஊரில் மரவாடி இருந்தால், ஒரு விடுமுறை நாளில் குறிப்பேட்டோடு அங்கே செல்லுங்கள். கட்டைகளின் முகத்தில் சாயத்தால் எழுதியிருக்கும் எண்களையும் நாட்டுப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொன்றும் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, கன அடி என்ன விலை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பிறகு உலகப் படத்தில் அந்த இடங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள்.